நாலு கை தெரிகிற பெட்டி

ஜூன் 4

மச்சானுக்கு,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள். உங்கள் தங்கச்சியும் நன்றாகத்தான் இருக்கிறாள். அவள் சொல்லி இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால், "இதுக்குத்தான் இத்தனை மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தீங்களா?" என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள்.

டிவி மெக்கானிக்கிடம் ஒரு வாடிக்கையாளன் கேட்கிற கேள்வி இது. அப்படியே எடுத்துக்கொண்டு பதில் எழுதினால் போதும்.

நீங்கள் இந்த ஊரில் கடை வைத்திருந்தபோது எங்கள் வீட்டில் மாட்டிவிட்டுப் போன பெட்டியில் படம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. ஒரு ஆள் நின்றால் பக்கத்திலேயே அவனுடைய நிழலும் நிற்கிறது. தெருவில் யாரைக் கேட்டாலும் "எங்களுக்கு நல்லாத்தானே வருது" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன, படம் எக்கேடு கெட்டாலும் காதால் கேட்டுக் கதையைப் பிடித்துக்கொள்வார்கள். சத்தம் கணீரென்று வருகிறது என்று உங்கள் தங்கச்சியும் சொல்கிறாள். கணீரென்ற சத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஏழு வயதில் காய்ச்சலில் காது போனவன் நான். எனக்குப் பெட்டி என்றால் படம் மட்டும்தான்.

மற்ற நாளில் அது எனக்கு ஓர் அலமாரி. மேலே நூல்கண்டு வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மட்டும்தான் எனக்கு அது வேண்டும். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பத்தை நிரப்பி, என் பெண்ணைப் பஸ் ஏற்றித் தலைநகருக்குக் கூட்டிப்போய், காது கேட்காதவர்களுக்கான செய்தியில் சைகையில் பேசுகிற வேலையில் சேர்த்துவிட்டு வந்தவர் நீங்கள்தானே.

அந்த வாயாடி பத்து வயதிலிருந்து என் தையல் கடையில் எனக்கு வாயாக இருந்தவள். வந்தவர் சொல்வதை எனக்குக் கையால் சொல்லி, நான் கையால் சொல்வதை அவர்களுக்குச் சத்தமாகச் சொல்லி, நடுவில் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து. இப்போது வருகிறவர்கள் என் முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்து கத்துகிறார்கள். போன வாரம் ஒருவருக்கு முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். அவர் கேட்டது அரைக்கையாம்.

சண்டை அப்படியே இருக்கட்டும். அவள் எனக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறாள். "அப்பா, என்னைத் தற்காலிகமாத்தான் எடுத்திருக்காங்க. ஜூலை கடைசியில வெச்சிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. இங்க யாருக்கும் சைகை தெரியாது. நான் தப்பாப் பேசினாலும் நல்லா இருக்குன்னு தலையாட்டுவாங்க. நீங்க பார்த்து எழுதுங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் இருப்பேன். இல்லேன்னா கிளம்பி வந்துடுறேன்" என்று எழுதியிருக்கிறாள்.

நான் இன்னும் பதில் போடவில்லை. என்னவென்று போடுவேன்? அவளுக்கு இரண்டு கை. என் பெட்டியில் நாலு கை தெரிகிறது. எந்தக் கை பேசுகிறது, எந்தக் கை நிழல் என்று பிரிப்பதற்குள் செய்தி முடிந்துவிடுகிறது. பெட்டியில் உன்னைப் பார்க்க முடியவில்லை என்று எழுதினால் அவளுக்கு மனசு விட்டுப்போகும்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். நான் செய்துகொள்கிறேன். யாரும் வர வேண்டியதில்லை.

தையல்காரன்


ஜூன் 8

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு தரம் படித்தேன். "யாரும் வர வேண்டியதில்லை" என்ற இடத்தில் பேனாவை அழுத்தி எழுதியதில் தாள் ஓட்டையாகிவிட்டது. வர மாட்டேன், பயப்பட வேண்டாம். போன தடவை வந்தபோது என் ஸ்குரூடிரைவர் பையைத் தூக்கித் தெருவில் போட்டீர்கள். அதில் இரண்டு இன்னும் கிடைக்கவில்லை.

இனி வேலையைப் பார்ப்போம்.

படம் இரட்டையாகத் தெரிந்தால் ஒரே நிகழ்ச்சி இரண்டு வழியாக உங்கள் பெட்டிக்குள் வருகிறது என்று அர்த்தம். ஒன்று நேர்வழி. இன்னொன்று சுற்றுவழி. எது அந்த இன்னொன்று என்று கண்டுபிடித்தால் அதன் கழுத்தைப் பிடித்துவிடலாம். அதற்கு எனக்குச் சில விவரம் தேவை.

ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? கிழக்கே மலை மேல் இருக்கிற ஒளிபரப்புக் கோபுரத்தைத்தான் அது பார்க்க வேண்டும். சின்னக் கம்பி இருக்கிற முனை கோபுரத்தின் பக்கம், பெரிய கம்பி இருக்கிற முனை உங்கள் பக்கம். காக்கை உட்கார்ந்து உட்கார்ந்து திரும்பியிருக்கலாம். கழற்றித் துடைத்து, துரு பிடித்த திருகாணிகளை மாற்றுங்கள். முடிந்தால் குழாயை இன்னும் ஓர் ஆள் உயரம் தூக்கிக் கட்டிப் பாருங்கள்.

முக்கியமான கேள்வி இது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? ஆளுக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா? சும்மா கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரி இது. அதை வைத்துத்தான் மருந்து.

இன்னொன்று. என் தங்கச்சிக்கு மூட்டு வலி என்று தெரியும். அவளை ஏணியில் ஏற்றாதீர்கள்.

வாயாடி எனக்கும் எழுதுகிறாள். "அப்பா ஏன் மாமா பதிலே போடலை, கோபமா?" என்று கேட்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

மெக்கானிக்


ஜூன் 17

மச்சானுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் சொல்லைக் கேட்டு என்ன ஆனது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஆன்டெனாவை இறக்கித் துடைத்தேன். திருகாணி எல்லாவற்றையும் மாற்றினேன். இன்னொரு குழாய் வாங்கி முட்டுக்கொடுத்து உயரத் தூக்கிவிட்டேன். இப்போது தெருவிலேயே எங்கள் ஆன்டெனாதான் உயரம். எதிர்வீட்டு பேக்கரிக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன டெய்லரே, நிலாவுல இருந்து படம் புடிக்கப் போறீங்களா?" என்று கேட்டாராம். உங்கள் தங்கச்சி சொன்னாள். சொல்லும்போது அவளும் சிரித்தாள்.

போன வாரம் நான் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, அவள் கீழே பெட்டி முன்னால் உட்கார்ந்து வாசல் வழியாக எனக்குக் கை காட்டினாள். மற்ற வீட்டில் கூரை மேல் ஏறினவன் "வந்துச்சா, வந்துச்சா" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, கை எவ்வளவு தூரத்திலும் தெரியும். "கொஞ்சம் திருப்புங்க, இன்னும், இன்னும், போதும், அருமை" என்றாள். அடித்துப் பிடித்து இறங்கி வந்து பார்த்தால் பழையபடி நாலு கை. என்னடி அருமை என்று கேட்டேன். "இரைச்சலே இல்லாம அவ்வளவு தெளிவாக் கேட்டுச்சே" என்கிறாள். காதால் பார்த்திருக்கிறாள், மச்சான். முப்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள்.

அதனால் இனி யாரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்து, மாடியில் நின்றபடியே நானே படத்தைப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இறங்கி ஏற வேண்டாம். அது என்ன வழி என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. மெக்கானிக்குக்கே தோன்றாதது தையல்காரனுக்குத் தோன்றியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நேற்று ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை முழுக்க மாடியில்தான் நின்றேன். மேற்கே குளிர்சாதனக் கிடங்கு ஒன்று புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், சுவர் முழுக்கத் தகடு. வெயில் அதில் பட்டு முகத்தில் அடிக்கிறது. கண் கூசக் கூச நின்று பார்த்தேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: நிழல் இடப்பக்கம் விழுகிறது. நன்றாகப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இடப்பக்கம்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். வாயாடி இடது கையால் பேசுகிறாள். நாலு கையில் பேசுகிற கை எது என்று ஒருவழியாகப் பிரித்துப் பார்த்தால் இடது கை. இத்தனை வருடம் வலது கையால் பேசிக்கொண்டிருந்தவளுக்கு ஊர் மாறியதும் கை மாறிவிட்டது. எந்த மேதாவி அங்கே சொல்லிக்கொடுத்தானோ. அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். பார்க்கிற எங்களுக்குத்தான் தெரியும் அவஸ்தை.

தையல்காரன்


ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

வாடிக்கையாளர், வாடிக்கையாளர் என்று எழுதக் கை வரவில்லை. மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அந்த ஒரு வரியைக் கத்தரித்துவிடுங்கள், கத்தரிக்கோல் உங்களிடம்தானே இருக்கிறது.

இடப்பக்கம் என்று எழுதியிருப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பெரும்பாலான வீட்டில் நிழல் வலப்பக்கம்தான் விழும். பெட்டி படத்தை இடமிருந்து வலமாகத்தான் எழுதும். சுற்றுவழியில் வருவது எதிலாவது மோதித் திரும்பி, கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். தாமதமாக வந்ததைக் கொஞ்சம் தள்ளி, வலப்பக்கத்தில் எழுதும். இடப்பக்கம் விழுந்தால் கதை வேறு. ஆன்டெனா பிடித்துக் கொடுப்பதற்கு முன்னாலேயே ஏதோ ஒன்று நேராகப் பெட்டிக்குள் புகுந்துவிடுகிறது. அநேகமாக உங்கள் வயர்தான் குற்றவாளி. பழைய பட்டை வயர் போகிற வழியிலெல்லாம் தானே ஓர் ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்ளும். இரும்புக் குழாயில் சுற்றியிருந்தால் இன்னும் மோசம்.

அதனால் உருண்டைக் கேபிள் ஒரு சுருள் பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நடுவில் செம்புக் கம்பியும் அதைச் சுற்றி வலையும் இருக்கும். வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாது. இரண்டு முனையிலும் மாட்டச் சின்ன டப்பி வைத்திருக்கிறேன். பழைய வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இதை மாட்டுங்கள். நடுவில் ஒட்டுப் போடாதீர்கள்.

மாடியிலிருந்தே படம் பார்க்கிற வித்தை என்ன என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீங்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு விஷயம் மனசில் உறுத்துகிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை. அவள் கை சரியில்லை, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் சரியில்லை என்று நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் தெரிகிற படத்தை வைத்துக்கொண்டு. உங்களுக்கு அவள் திரும்பி வர வேண்டும், மாப்பிள்ளை. அதனால்தான் கோணல் மட்டும் கண்ணில் படுகிறது. நீங்கள் ஒரு வார்த்தை வேண்டாம் என்று எழுதினால் போதும், அந்தப் பெண் மறுநாளே பெட்டியைக் கட்டிவிடும். அது உங்களுக்கும் தெரியும்.

கோபம் வந்தால் கேபிளைத் திருப்பி அனுப்பாதீர்கள். மாட்டிவிட்டுக் கோபப்படுங்கள்.

மச்சான்


ஜூலை 1

மச்சானுக்கு,

கேபிளை மாட்டிவிட்டுத்தான் கோபப்படுகிறேன்.

பழைய வயர் முழுவதையும் பிடுங்கினேன். சுவரில் அடித்திருந்த ஆணி எல்லாம் போயிற்று. புதுக் கேபிளை ஒட்டு இல்லாமல் ஒரே நீளமாக இழுத்து, நீங்கள் கொடுத்த டப்பிகளை மாட்டினேன். முனையைச் சீவுவதில் விரலையும் கொஞ்சம் சீவிக்கொண்டேன். நேற்று மறுபடியும் ஒரு மணிக்கு மாடி ஏறினேன். உங்கள் குற்றவாளி தூக்கில் தொங்கிவிட்டான், குற்றம் மட்டும் அப்படியே நடக்கிறது. நாலு கை. அதே இடப்பக்கம் நிழல். முன்பைவிடப் பளிச்சென்று தெரிகிறது, நிழலும் சேர்த்துப் பளிச்சென்று தெரிகிறது.

என் காதில் பூச்சுற்ற வேண்டாம். என் காது அது ஒன்றுக்குத்தான் லாயக்கு என்று நினைத்துவிட்டீர்களா?

அவள் வர வேண்டும் என்று நினைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம், நினைக்கிறேன். தினமும் நினைக்கிறேன். கடைக் கதவைத் திறக்கும்போது நினைக்கிறேன். அளவெடுக்க ஆள் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து மிரண்டு, நாளைக்கு வரேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போகும்போது நினைக்கிறேன். வீட்டில் நாலு பேர் கூடிச் சிரித்தால், என்ன என்று கேட்டால், எல்லோரும் "அப்புறம் சொல்றேன்" என்பார்கள். சொன்னதில்லை. அவள் ஒருத்திதான் அப்போதே சொல்வாள். என் பெண் எனக்கு வேண்டும் என்று நினைப்பதற்கு நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதுகிறவன் நான் இல்லை. தோள் இறங்கினால் இறங்கியது என்பேன், நேராக இருந்தால் நேர் என்பேன். என் வேலை அதுதான். அதற்காகத்தான் இந்தக் கேபிளோடு மல்லுக்கு நிற்கிறேன். பார்க்காமலே எழுதுவதாக இருந்தால் என்றைக்கோ எழுதியிருக்கலாம்.

ஒன்று மட்டும் பார்த்தாகிவிட்டது. இடது கை. மூன்று வாரமாகப் பார்க்கிறேன், சந்தேகமே இல்லை. "கை மாற்றிப் பேசாதே, உன் வேகமே போய்விட்டது, இப்படிப் பேசுவதாக இருந்தால் பேசாமல் வந்துவிடு" என்று அவளுக்கு எழுதி வைத்திருக்கிறேன். உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது. வரும் ஞாயிறு இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை தபாலில் போடப் போகிறேன்.

தையல்காரன்


ஜூலை 4

மாப்பிள்ளை,

அவசரத் தபாலில் போடுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கடையில் நின்றபடியே எழுதுகிறேன்.

அவளுக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

முதலில் எனக்கு ஒன்று சொல்லுங்கள். வாயாடி இடது கையால் பேசுகிறாளா? அவள் வலது கையால் எழுதுவாள், வலது கையால் சாப்பிடுவாள், சின்ன வயதில் என் முதுகில் வலது கையால்தான் அடிப்பாள். போன மாதம் அவள் வேலை செய்கிற இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அரை மணி நேரம் பார்த்தேன். வலது கையால்தான் பேசினாள். எனக்குச் சைகை அரைகுறைதான். ஆனால் வலது எது இடது எது என்று தெரியும்.

நேற்று ராத்திரி முழுக்க இதே யோசனை. நிழலும் இடப்பக்கம். கையும் இடது கை. இரண்டும் ஒரே தப்பு மாதிரி இருக்கிறதே என்று காலையில்தான் உறைத்தது.

மாடியில் நின்றபடியே பெட்டியைப் பார்க்கிறேன் என்றீர்களே. எப்படிப் பார்க்கிறீர்கள்? கேட்க மாட்டேன் என்று சொன்னேன், இப்போது கேட்கிறேன். நீங்களே ஜெயித்ததாக இருக்கட்டும். அந்த வித்தை என்ன?

மச்சான்


ஜூலை 8

மச்சானுக்கு,

கண்ணாடி.

கடையில் வாடிக்கையாளர்கள் நின்று பார்க்கிற ஆளுயரக் கண்ணாடி. அதை வீட்டுக்குத் தூக்கி வந்து முற்றத்தில் சாய்த்து வைத்தேன். வாசல் வழியாகப் பெட்டி அதில் தெரியும், மாடி விளிம்பிலிருந்து அதை நான் பார்ப்பேன். எழுத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. நிழல் விழுந்து குழம்புகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் பத்துப் பேரை அதே கண்ணாடி முன்னால் நிறுத்தி, "இல்ல சார், கண்ணாடியில அப்படித் தெரியுது, உங்க வலது தோள்தான் எறங்கியிருக்கு" என்று கையைத் தொட்டுக் காட்டுகிறவன் நான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. உங்கள் தங்கச்சி என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். நல்லவேளை, எனக்குக் கேட்கவில்லை.

அவளுக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நேற்று மாடி ஏறவில்லை. பெட்டியின் முன்னால் நேராக உட்கார்ந்து பார்த்தேன். நாலு கைதான். ஆனால் நிழல் வலப்பக்கம். அவளும் வலது கையால்தான் பேசுகிறாள்.

இனி என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள். இன்னும் இரண்டு மூன்று ஞாயிறுதான் இருக்கிறது. விடப் போவதில்லை.

தையல்காரன்


ஜூலை 10

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தப்பாக நினைக்காதீர்கள், அடக்க முடியவில்லை. என் தொழிலில் எத்தனையோ நோயைப் பார்த்திருக்கிறேன், கண்ணாடி போட்ட நோயை இப்போதுதான் பார்க்கிறேன்.

நிழல் வலப்பக்கம் என்றால் வழக்கமான நோய்தான். எதிலோ மோதித் திரும்பி வருகிறது. எதில் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நான்தான் கவனிக்கவில்லை. மேற்கே தகடு அடித்த கிடங்கு. வெயில் அதில் பட்டு உங்கள் முகத்தில் அடிக்கிறது என்றீர்களே, வெயில் திரும்புகிற மாதிரிதான் ஒளிபரப்பும் திரும்பும். கோபுரத்திலிருந்து வருவது உங்கள் ஆன்டெனாவைத் தாண்டிப் போய், கிடங்கில் மோதி, பின்பக்கமாக வந்து ஆன்டெனாவின் முதுகில் அடிக்கிறது. உயரத் தூக்கச் சொன்னது நான்தான். தூக்கத் தூக்கக் கிடங்குக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அதனால் இப்போது இறக்குங்கள். தெருவே சிரித்தாலும் சிரிக்கட்டும். மொட்டைமாடியில் படிக்கட்டு அறை இருக்கிறதல்லவா, அதன் கிழக்குச் சுவரை ஒட்டி, சுவரின் உயரத்துக்கும் கீழே, ஆன்டெனாவை மாட்டுங்கள். முன்னால் மலைக் கோபுரம் திறந்திருக்கும், பின்னால் அறை முழுவதும் சுவராக நின்று கிடங்கை மறைத்துவிடும். பிறகு மெதுவாக, மெதுவாகத் திருப்புங்கள். சரியாகக் கோபுரத்தையே பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. நிழல் எங்கே மறைகிறதோ அங்கே நிறுத்துங்கள், படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை.

ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் எந்த நிகழ்ச்சி ஓடினாலும் அதை வைத்துச் சரிசெய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்க மட்டும்தான்.

மச்சான்


ஜூலை 15

அன்புள்ள மச்சானுக்கு,

சனிக்கிழமை சாயங்காலம் ஆன்டெனாவை இறக்கினேன். இறக்குவதைப் பார்க்கத் தெருவில் நாலு பேர் நின்றார்கள். பேக்கரிக்காரர், ஏன் கழட்டிட்டீங்க என்று கையாலேயே கேட்டார். இந்த ஒரு மாதத்தில் அவருக்கும் கொஞ்சம் கை வந்துவிட்டது.

படிக்கட்டு அறைச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டினேன். படியில் நின்றாலே எட்டுகிற உயரம் என்பதால் உங்கள் தங்கச்சி மெதுவாக ஏறி வந்துவிட்டாள், ஏணி வேண்டியிருக்கவில்லை. இந்தத் தடவை அவள் திருப்ப, நான் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். கண்ணாடி முற்றத்தில்தான் இருந்தது, அதில் அவளுக்கு நான் தெரிந்தேன். அந்தப் பக்கம் என்று நான் காட்டினால் அவள் இந்தப் பக்கம் திருப்பினாள். அதற்கு ஒரு சண்டை. "கண்ணாடியில பார்த்தா அப்படித்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாதா?" என்று மேலே இருந்து என்னைக் கேட்டாள்.

ஓர் இடத்தில் நிழல் மெலிந்தது. கையைத் தூக்கி, நிறுத்து என்றேன். இன்னும் ஒரு விரல் அகலம் திருப்பச் சொன்னேன். போய்விட்டது. பெட்டியில் யாரோ ஒருவர் மேஜை முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஒரு தலை, இரண்டு தோள். யாரென்றே தெரியாத அந்த ஆளை நான் பத்து நிமிஷம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒரு மணிக்குச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை நாள் அந்தச் சத்தம்தானே எங்களை ஏமாற்றியது.

வாயாடி வந்தாள். இளைத்திருக்கிறாள். முடியை இறுக்கிக் கட்டியிருக்கிறாள், அது நல்லது, முகம் முழுவதும் தெரிகிறது. இரண்டு கை. பேச ஆரம்பித்தாள். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, பாலத்தை மூடிவிட்டார்கள், லாரிகள் வேறு வழியாகப் போக வேண்டும். ரயில் கட்டணம் உயர்கிறது. எங்கோ ஒரு சுரங்கத்தில் மாட்டிக்கொண்டவர்களை உயிரோடு வெளியே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றாக எனக்குள் நேராக வந்து விழுந்தது. யாரும் சுருக்கித் தரவில்லை, யாரும் அப்புறம் சொல்றேன் என்று சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிகிற அதே நேரத்தில் எனக்கும் தெரிந்தது. என் வயதுக்கு இது முதல் தடவை, மச்சான்.

அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு உங்கள் தங்கச்சி வந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்தது வீட்டுச் சைகை மட்டும்தான், சத்தம் இல்லாமல் அந்த வேகத்தில் செய்தி ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றா, என்ன நியூஸ்?" என்று என்னைக் கேட்டாள். அப்புறம் சொல்றேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை, விரல் நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அப்போதே சொன்னேன். ரயில் கட்டணத்துக்கு அவள் உதட்டைப் பிதுக்கினாள். சுரங்கத்துக்கு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

தப்பும் இருந்தது. எண்களை அவசரமாக முழுங்குகிறாள். கறுப்புச் சட்டை போட்டால் கை எடுத்துக் காட்டும், அவள் வெளிர் நிறம் போட்டிருந்தாள். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு ஒன்று. பள்ளிகளுக்கு நாளை விடுமுறை என்று சொன்னபோது, நாளை என்பதற்கு இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஒரு வெட்டு வெட்டினாள். அது எங்கள் கடைச் சைகை. துணி வெட்டியாச்சு, நாளைக்கு வாங்க என்று நான் காட்டிக் காட்டி, கடைசியில் எங்கள் இரண்டு பேருக்கும் அதுவே நாளை ஆகிவிட்டது. நாடு முழுக்கப் பார்த்த அத்தனை பேரில் அது எனக்கு ஒருத்தனுக்குத்தான் புரிந்திருக்கும். மற்றவர்கள் பள்ளிக்கூடத்தை வெட்டப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஒரு நொடி அவள் எனக்கு முன்னால், கடையில் நிற்கிற மாதிரி இருந்தது. நான் அழுதுவிட்டேன். உங்கள் தங்கச்சி சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்றே உட்கார்ந்து எழுதினேன். எண்களை நிதானமாகக் காட்டு என்று எழுதினேன். சட்டை நிறத்தை எழுதினேன். அந்தக் கத்தரி வேண்டாம், அது நம் கடையோடு இருக்கட்டும், இனி அங்கே அதைச் செய்யாதே என்று எழுதினேன். எழுதிவிட்டு, அடுத்து என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு வரி மாற்றி எழுதினால் இந்த வாரமே பஸ் ஏறி வந்துவிடுவாள். நீங்கள் சொன்னது சரி, எனக்கும் அது தெரியும்.

மீதி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். நீ பேசியது முழுவதும் எனக்குப் புரிந்தது என்று எழுதினேன்.

இன்று காலையில் கடை திறப்பதற்கு முன்னால் தபாலில் போட்டேன். அவளை வேலையில் வைத்துக்கொள்வார்கள், மச்சான். அவள் இனித் திரும்பி வர மாட்டாள். வராதே, அங்கேயே இரு என்று நானே எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளை